அன்பு உறையும் இடம்

அன்பின் உறைவிடம் நெஞ்சம் என்பது தமிழர் வழக்கு. மலாய் மொழியினரோ அதனை ஈரலில் வைத்தனர். அம்மொழியில் 'ஹாத்தி' என்னும் சொல் ஈரலைக் குறிக்கும். உள்ளத்தையும் அதுவே குறிக்கும். குருதியை உந்தும் உறுப்பிற்கு 'ஜந்தோங்' என வேறு பெயர் உண்டு. ஆருயிர் அனையாரை அவர்கள் 'புவா ஹாத்தி' என்பர். ஈரற்கனி என்பது அதன் நேர்பொருள். அரபு மொழியினர் தாம் பெற்ற மகவை ஈரலின் துண்டு என்பர். உருது மொழியில் வழங்கும் 'ஜிகர் கா துக்டா' என்பதன் பொருளும் அஃதே.

இவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கேட்போர் நகுவர். மகனைத் தொலைநாட்டிற்கு விடுத்து ஏங்கும் தாயின் சொல்லாயின், அவள் துயரம் அந்நகைப்பில் மறைந்தொழியும். 'கண்ணே' என்னும் தமிழ் விளியை அயலார் வெறும் உறுப்பின் பெயராகக் கொள்வரேல் அதன் நிலையும் இதுவேயன்றோ? ஆதலின், மொழிபெயர்ப்போன் ஈரற்கனியைக் 'கண்மணி' என எழுதுதலே தக்கது. அவன் மாற்றுவது உறுப்பினை, அன்பினை அன்று.

ஈரல் தமிழர்க்கும் முற்றிலும் அயலன்று. குழந்தை கிணற்றடியில் தனித்து நிற்பக் கண்ட தாய், 'ஈரக்குலை நடுங்கிவிட்டது' என்றே இன்றும் கூறுகின்றாள்.