நிவாரணப் பணத்தில் கட்டட வேலை செய்யலாமா?



கொரோனா நிவாரண நிதியில் ஒரு பல்கலைக்கழகம் கட்டடத்தை மாற்றி அமைத்தது என்று கேட்டால், "கஷ்டப்படுற மாணவனுக்கு வந்த பணத்துல சுவருக்கு வேலையா?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் இந்தக் கேள்வி எழுந்தபோது நிர்வாகங்கள் எந்த விதியைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தது என்று படித்துப் பார்த்தேன். நாளை எஸ்டிமேட் போடப் போகிற நமக்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது.

பணம் வந்த வழி

2020 மார்ச் 27-இல் கேர்ஸ் சட்டம் வந்தது. உயர்கல்விக்குச் சுமார் 1,400 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2020 டிசம்பரிலும் 2021 மார்ச்சிலும் மேலும் இரண்டு சட்டங்கள் வந்தன. மூன்றும் சேர்ந்து கிட்டத்தட்ட 7,600 கோடி டாலர்.

கேர்ஸ் சட்டப்படி கல்லூரிக்குக் கிடைத்த முக்கியப் பங்கில் பாதியாவது மாணவர் கைக்குப் போக வேண்டும். சாப்பாடு, வாடகை, புத்தகம், கம்ப்யூட்டர், வைத்தியம் போன்ற செலவுகளுக்கு அது. மீதி நிர்வாகத்தின் பங்கு. கட்டட வேலை பற்றிய பேச்செல்லாம் இந்த இரண்டாவது பங்கைப் பற்றியதுதான்.

விதி என்ன சொல்கிறது?

புதுக் கட்டடம் கட்டக் கூடாது. தூண், உத்திரம் என்று கட்டமைப்பில் கை வைக்கக் கூடாது. வழக்கமான பராமரிப்பும் பழுது பார்ப்பதும் கூடாது. ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடத்துக்குள், கொரோனா சம்பந்தமாகச் செய்யும் சிறு மாற்றங்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. அதற்காகக் கட்டடத்துக்குள்ளேயே தண்ணீர்க் குழாயையோ மின் இணைப்பையோ நீட்டலாம். விளையாட்டு, வழிபாடு சம்பந்தமான கட்டடங்களுக்கு மூலதனச் செலவு செய்வதைப் பிந்தைய சட்டங்கள் தடுத்துவிட்டன.

உதாரணமாக, பழைய வகுப்பறையின் காற்றோட்ட அமைப்பை மாற்றி நல்ல வடிகட்டி போடுவது செல்லும். அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, மெர்வ் 13 தர வடிகட்டியையாவது போடச் சொன்னது. ஆனால் அதே அறையின் கூரை ஒழுகினால், அதை அடைக்க இந்தப் பணம் செல்லாது. ஒழுகல் நிஜம்தான், அவசரமும்தான். ஆனாலும் அது கொரோனாவால் வந்த செலவு இல்லையே!

எந்தப் பதில் நிற்கும்?

"கட்டடம் பழசு, எப்படியும் மாற்றணும்" என்பது நிற்காது. அப்படிச் சொன்னால் வேலைக்குக் காரணம் கொரோனா இல்லை என்று தாமே ஒப்புக்கொண்ட மாதிரி. "மூடிய அறையில் நோய் காற்று வழியாகப் பரவுகிறது; அதைக் குறைக்க இன்ன வேலை, இன்ன செலவு" என்பது நிற்கும். கல்லூரிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவறிக்கையைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்றும் விதி இருந்தது. ஆகவே காரணத்தை யாரும் சரிபார்க்கலாம்.

என் கருத்து

அந்த வகுப்பில் உட்கார்ந்து மூச்சு விடப் போகிறவனும் மாணவன்தான். அதனால் காற்றோட்டச் செலவை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'பாதி' என்பது குறைந்த அளவுதான். அதற்கு மேல் மாணவருக்குக் கொடுக்கத் தடை கிடையாது. அப்படியானால், மாற்றியமைப்புக்குப் போன ஒவ்வொரு டாலரும் ஒரு மாணவனின் வாடகைக்கும் போயிருக்கலாம். ஆகவே "சட்டம் அனுமதித்தது" என்பது பாதிப் பதில்தான். "இந்த வேலை அந்த வாடகையைவிட அவசரம்" என்று காட்டுவதுதான் மீதிப் பாதி.

நண்பர்களே, எஸ்டிமேட்டில் நாம் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் இந்த இரண்டு கேள்விகளும் உண்டு: இதுக்கு அனுமதி இருக்கா? இதைவிட அவசரமானது வேறு இருக்கா? அளவையும் விலையையும் சரியாகப் போட்டால் மட்டும் போதாது. இரண்டாவது கேள்விக்கும் பதில் வைத்திருப்பவன்தான் நல்ல பொறியாளன்.