வீட்டில் கிடக்கும் மடிக்கணினி: விரும்பிய நிரலில் கோப்பைத் திறப்பது எப்படி?



2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி நம் ஜமாஅத்தின் பல வீடுகளில் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் வந்த பலவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. இப்போது விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எனவே அந்தக் கணினியை ஓரங்கட்டிவிடுகிறோம். அல்லது ‘கிராக்’ செய்த மென்பொருளை யாரிடமாவது வாங்கிப் போடுகிறோம்.

இரண்டாவது வழி நமக்குத் தகாது. 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூல், கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறக் கூடாது என்று தீர்மானித்தது. கிராக் மென்பொருளோடு வைரஸும் சேர்ந்தே வரலாம். லினக்ஸ் நிரல்களில் பெரும்பாலானவற்றைக் காசில்லாமல், உரிமையோடு பயன்படுத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

ஆனாலும் பலர் லினக்ஸைக் கைவிடக் காரணம் ஒரு சிறு தொல்லைதான். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தின் பி.டி.எஃப். கோப்பை இருமுறை சொடுக்கினால், அது படம் வரையும் நிரலில் திறக்கிறது. எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. கடைசித் தேதி நெருங்கும்போது பிள்ளை பதறுகிறது. கோப்பில் குறை இல்லை. எந்த நிரல் அதைத் திறக்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் தவறாக இருக்கிறது.

முதல் படி: நிறுவுதல்

மெனுவில் ‘சாஃப்ட்வேர்’ அல்லது ‘சினாப்டிக்’ நிரலைத் திறந்து, வேண்டியதைத் தேடுங்கள். பி.டி.எஃப்.-க்கு எவின்ஸ் அல்லது ஒகுலர், பயான் ஒலி, ஒளிப்பதிவுகளுக்கு வி.எல்.சி. போதும். ‘இன்ஸ்டால்’ அழுத்திக் கடவுச்சொல் கொடுங்கள். கண்ட இணையதளங்களிலிருந்து இறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: இயல்புநிலை நிரலாக்குதல்

கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து ‘ஓப்பன் வித்’ தேர்ந்தெடுங்கள். நிரலைக் குறித்து, ‘எப்போதும் இதையே பயன்படுத்து’ என்ற பொருளுள்ள குறியை இயக்குங்கள். சில பதிப்புகளில் இது ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதிக்குள் இருக்கும். இணைய உலாவி, மின்னஞ்சல், வீடியோ போன்றவற்றுக்கு ‘செட்டிங்ஸ்’ உள்ளே ‘டீஃபால்ட் அப்ளிகேஷன்ஸ்’ பாருங்கள்.

கவனிக்க:

• இதனால் பழைய நிரல் அழியாது. வேண்டும்போது அதிலும் திறக்கலாம்.

• ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். ஜே.பி.ஜி.க்குச் செய்தது பி.என்.ஜி.க்குப் பொருந்தாது.

• ஏற்பாடு அந்தப் பயனர் கணக்குக்கு மட்டுமே. அண்ணன் மாற்றினால் தங்கையின் கணக்கில் மாறாது.

மூன்றாம் படி: சேமிக்கும் வடிவம்

லிப்ரே ஆஃபீஸில் எழுதியது ஓ.டி.டி. வடிவில் சேமிக்கப்படும். பள்ளியோ அலுவலகமோ வேர்டு கோப்பு கேட்டால் ‘டூல்ஸ் – ஆப்ஷன்ஸ் – லோட்/சேவ் – ஜெனரல்’ சென்று வேர்டு வடிவத்தை இயல்பாக வையுங்கள். அதே நிரலில் தமிழோடு, வலமிருந்து இடமாக அரபியும் எழுதலாம். மதரஸா உஸ்தாதுமார்களுக்கு இது உதவும்.

கணினியில் உள்ள லினக்ஸ் மிகப் பழையதாக இருந்தால் புதிய நிரல்கள் இறங்காமல் போகலாம். அப்போது பாஸ், டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகியவற்றில் ஒன்றின் புதிய பதிப்பை நிறுவ வேண்டும். அதற்கு முன் புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் பென்டிரைவில் எடுத்து வைப்பது அவசியம்.

விண்ணப்ப நாள் வரும்வரை காத்திராமல், இந்த வாரமே ஒரு பி.டி.எஃப். கோப்பில் பிள்ளைகளோடு அமர்ந்து செய்து பாருங்கள். கற்றதை அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக. ஆமீன்.