வாடை போக வழி

நாய் வீட்டைக் காக்கும். பூனை எலியைப் பிடிக்கும். ஆடு வருமானம் தரும். மழைக்காலத்தில் இவற்றையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறோம். அப்போது ஒரு தொல்லை வருகிறது. மூலையில் சிறுநீர் கழித்துவிடுகின்றன. நாம் தரையைக் கழுவுகிறோம். அன்று வாடை போய்விடுகிறது. நான்கு நாள் கழித்து மீண்டும் வருகிறது. ஏன்?

வாடை எப்படி வருகிறது?

சிறுநீரில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் யூரியாவும் சில உப்புகளும் கரைந்திருக்கின்றன. வயலுக்குப் போடுகிறோமே, அதே யூரியாதான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இந்த யூரியாவைச் சிதைக்கின்றன. அப்போது அம்மோனியா என்னும் வாயு உண்டாகிறது. மூக்கைத் துளைக்கும் நெடி இதுதான். பூனையின் சிறுநீர் அடர்த்தியானது. அதில் கந்தகம் சேர்ந்த பொருள்களும் உண்டு. ஆகவே வாடை அதிகம்.

சிறுநீர் தரை வெடிப்பிலும் மெத்தைப் பஞ்சிலும் இறங்கிவிடும். தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறும்போது உப்பும் ஈரமாகும். வாடை மீண்டும் கிளம்பும். மழைக்காலத்தில் வாடை கூடுவது இதனால்தான்.

நமக்குத் தெரியாத வாடையும் நாய்க்கும் பூனைக்கும் தெரியும். பழைய வாடை உள்ள இடத்தையே அவை மீண்டும் தேடிப் போகும். ஆகவே வாடையை அடியோடு நீக்க வேண்டும்.

பினாயில் போதுமா?

போதாது. பினாயிலும் ஊதுவத்தியும் வாடையை மறைக்கும். நீக்காது. பினாயில் பூனைக்குக் கெடுதலும்கூட. பூனை தரையில் நடக்கும். பிறகு தன் பாதத்தை நக்கும். பினாயில் வயிற்றுக்குள் போய்விடும்.

என்ன செய்ய வேண்டும்?

1. இடம் ஈரமாக இருந்தால் பழைய துணியை வைத்து அழுத்தி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும்.

2. பச்சைத் தண்ணீர் ஊற்றி மீண்டும் ஒற்றி எடுங்கள்.

3. ஒரு டம்ளர் வினிகரில் ஒரு டம்ளர் தண்ணீர் சேருங்கள். அந்த இடம் நன்றாக நனையும்படி ஊற்றுங்கள். கால் மணி நேரம் விடுங்கள். வினிகர் ஓர் அமிலம். அம்மோனியா ஒரு காரம். அமிலம் காரத்தை முறிக்கும்.

4. துடைத்துக் காய விடுங்கள். காய்ந்த பிறகு ஆப்ப சோடாவைத் தூவுங்கள். இரவு முழுவதும் இருக்கட்டும். காலையில் பெருக்கி எடுங்கள். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். ஒன்றை ஒன்று முறித்துவிடும்.

5. கதவையும் சன்னலையும் திறந்து வையுங்கள். காற்றும் வெயிலும் செலவில்லாத மருந்து.

துணியானால் வினிகர் தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வையுங்கள். பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். மெத்தையை இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டுத் திருப்பிவிடுங்கள்.

மண் தரையானால் நனைந்த மண்ணை வெட்டி எடுத்துவிடுங்கள். புது மண் போட்டு இடித்து மெழுகுங்கள். சிமெண்டுத் தரையில் வெடிப்பு இருந்தால் கழுவிக் காய வைத்து, சிமெண்டு பூசி அடையுங்கள். பளிங்குக் கல்லிலும் கடப்பைக் கல்லிலும் வினிகர் ஊற்றக் கூடாது. அது கல்லை அரிக்கும். அங்கே சோப்புத் தண்ணீரும் சோடாவும் போதும்.

மாமியாரும் மருமகளும்

மாமியார்: மூலையெல்லாம் பூனை வாடை. பிளீச்சிங் பவுடரைப் போட்டு, மேலே கொஞ்சம் ஆசிட்டையும் ஊத்திடும்மா.

மருமகள்: வேண்டாம் அத்தை. ரெண்டும் சேர்ந்தா குளோரின்னு ஒரு விஷ வாயு கிளம்பும். மூச்சை அடைக்கும். குழந்தை வேற உள்ளே தூங்குது.

மாமியார்: சரி, வெறும் பிளீச்சிங் பவுடர் மட்டும் போடலாமில்ல?

மருமகள்: சிறுநீர்ல அம்மோனியா இருக்கே அத்தை. அதோட சேர்ந்தாலும் விஷப் புகைதான். வினிகரோட சேர்ந்தாலும் அப்படித்தான்.

மாமியார்: அப்போ பூனையைச் சாக்குல கட்டி எங்கேயாவது விட்டுட்டு வரச் சொல்லு.

மருமகள்: பூனை போனா எலி வரும். எலிச் சிறுநீர் காய்ச்சலைக் கொண்டுவரும் அத்தை.

மாமியார்: ஆமா, அதுவும் இருக்கு. நீ வினிகரை எடு. நான் பழந்துணி கொண்டு வரேன்.

மருமகள் சொன்னது உண்மை. தவறிப்போய் விஷப் புகை கிளம்பினால் எல்லோரும் உடனே வெளியே வந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

எலிக்காய்ச்சல்

எலி, நாய், மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது புண் வழியாகவும் பாத வெடிப்பு வழியாகவும் நம் உடலுக்குள் நுழையும். மும்பையில் 2005 சூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. வெள்ளத்தில் நடந்தவர்களில் பலருக்குப் பிறகு இந்தக் காய்ச்சல் வந்தது. உயிர்களும் போயின.

ஆகவே சிறுநீரை வெறுங்கையால் தொட வேண்டாம். கையுறை போடுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் கழுவுங்கள். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டில் ஆடு மாடு இருப்பதையும் எலித் தொல்லையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே மருந்து சாப்பிட்டால் குணமாகும். நாய்களுக்கு இதற்குத் தடுப்பூசி உண்டு.

அடிக்க வேண்டாம்

வீட்டுக்குள் சிறுநீர் கழித்ததற்காக நாயையோ பூனையையோ அடிக்க வேண்டாம். அடித்தால் பயந்துபோய் மறைவான இடத்தில் கழிக்கும். நாயை அதிகாலையிலும் உணவுக்குப் பின்பும் வெளியே அழைத்துப் போங்கள். பூனைக்கு ஒரு தட்டில் மணல் வையுங்கள். தினமும் சுத்தம் செய்யுங்கள். கடுவன் பூனை சுவரில் பீய்ச்சி அடித்தால் கருத்தடை அறுவை செய்யலாம். அந்தப் பழக்கம் பெரும்பாலும் நின்றுவிடும்.

நல்ல பழக்கம் உள்ள பூனை திடீரென்று கண்ட இடத்தில் கழித்தால் அது நோயாக இருக்கலாம். கடுவன் பூனை முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தாமதித்தால் இறந்துவிடும்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.

1. மழைக்காலத்தில் வாடை ஏன் கூடுகிறது?

2. பிளீச்சிங் பவுடருடன் எவற்றைச் சேர்க்கக் கூடாது?

3. எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் எவை?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. அமிலம் __________ முறிக்கும்.

2. பளிங்குக் கல்லில் __________ ஊற்றக் கூடாது.

இ. கலந்து பேசுங்கள்.

உங்கள் தெருவில் எலித் தொல்லை உண்டா? குப்பையும் தேங்கிய நீரும் எங்கே இருக்கின்றன? யாரிடம் மனுக் கொடுக்கலாம்? மனுவை நீங்களே எழுதிப் பாருங்கள்.