நிலா வட்டமும் எங்கள் மழைக் குறிப்பேடும்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் வானிலைப் பாடம் வரும்போதெல்லாம் மழைமானி, காற்றுமானி, வெப்பமானி என்று கருவிகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, எது எதை அளக்கும் என்று பொருத்தச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வகுப்பில், "மழை வரப்போவதை முன்கூட்டியே எப்படி அறியலாம்?" என்று கேட்டேன். செயற்கைக்கோள் என்ற விடையை எதிர்பார்த்திருந்தேன். அதிகம் பேசாத ஒரு மாணவன் கடைசி வரிசையிலிருந்து எழுந்தான். "நிலாவச் சுத்தி எட்ட வட்டம் போட்டா கிட்ட மழை, கிட்ட வட்டம் போட்டா எட்ட மழை டீச்சர். எங்க தாத்தா சொல்லுவாரு" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பாடம் முடியும்வரை அவன் மறுபடி வாய் திறக்கவில்லை.

அன்றிரவு மனம் கேட்காமல் தேடிப் படித்தேன். அவன் தாத்தா சொன்னதில் பொருள் இருந்தது. பெரிய வட்டம், 20,000 அடிக்கும் மேலே பரவும் மெல்லிய கீற்றுப்படை மேகத்தில் உள்ள பனிப்படிகங்கள் ஒளியை விலக்குவதால் உண்டாகிறது. நிலாவிலிருந்து ஏறத்தாழ 22 பாகை தள்ளி இருக்கும். வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் நெருங்கும்போது பெரும்பாலும் இந்த உயர மேகங்களே முதலில் பரவி வருகின்றன. நிலாவை ஒட்டினாற்போலத் தெரியும் சிறிய வட்டமோ மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளால் வருவது. அதற்கும் வரப்போகும் மழைக்கும் அந்த அளவு தொடர்பு இல்லை. மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லி, சிரித்ததற்கு அவனிடம் வருத்தமும் தெரிவித்தேன்.

வட்டத்தை அளக்கக் கருவி தேவையில்லை. கையை நன்றாக நீட்டி விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாமேல் வையுங்கள். வட்டம் சுண்டுவிரல் நுனியருகே வந்தால் அது எட்ட வட்டம். (பகலில் சூரியனைச் சுற்றியும் இந்த வட்டம் வரும். அதை நேராகப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.)

எங்கள் பள்ளி விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் பகுதியில் இருக்கிறது. கண்மாய்ப் பாசனம் கொஞ்சம், மற்றதெல்லாம் மானாவாரி. வடகிழக்குப் பருவமழையை நம்பி, புரட்டாசியிலேயே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் ஊர். எனவே வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் மழைக்குறிகளைக் கேட்டு வரச் சொன்னேன். தட்டான் தாழப் பறப்பது, எறும்பு முட்டையோடு மேட்டுக்கு ஏறுவது, அந்தியில் ஈசல் கிளம்புவது என்று ஒரு நோட்டு நிறைந்தது.

சேகரித்ததோடு விட்டிருந்தால் அது ஒரு பழமொழித் தொகுப்பாகவே போயிருக்கும். கட்டம் போட்டோம். நாள், பார்த்த குறி, சொன்னவர், எத்தனை நாளில் மழை வரும் என்றார், பெய்த அளவு, சரியா தவறா. குளிர்பான பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்து, அடியில் கூழாங்கல்லும் கோடு வரை தண்ணீரும் நிரப்பி, பக்கத்தில் அளவுகோல் ஒட்டினால் மழைமானி. வானிலைத் துறை அளப்பதுபோலவே காலை 8.30 மணிக்கு அளவெடுத்தோம். குறி தெரிந்தும் மழை வராத நாள், குறியே இல்லாமல் மழை வந்த நாள் இரண்டையும் கட்டாயம் எழுத வேண்டும் என்பது விதி. பிள்ளைகளுக்குப் பிடிக்காத விதி அதுதான். ஈசல் மழைக்கு முன்பு வருவதைவிட, மண் நனைந்த பின்பு வருவதே அதிகம் என்று நோட்டைப் பார்த்துத்தான் அவர்களே கண்டுகொண்டார்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் அந்த மாணவனின் அப்பா பள்ளி வாசலில் என்னைப் பார்த்தார். "நேத்து ராத்திரி எட்ட வட்டம் போட்டுச்சு. நம்ம நோட்டு என்ன சொல்லுது டீச்சர்?" என்றார். "இதுவரை மூன்று முறை பார்த்தோம், மூன்றும் சரியாக வந்திருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னேன். டிராக்டர் கிடைத்த அன்றே குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் விதைத்துவிட்டார்கள். மறுநாள் மழையும் வந்தது. பாட்டிலில் 14 மில்லிமீட்டர். அதன்பின் மூன்று வாரம் சொட்டு இல்லை. முளைத்தது அத்தனையும் கருகியது. கடன் சொல்லி மறுபடி விதைப்பை வாங்கினார்கள். அவன் நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை.

வந்த அன்று நோட்டை வாங்கி, தான் முன்பு எழுதியிருந்த ‘சரி’யை அடித்துவிட்டு ‘தவறு’ என்று எழுதினான். எனக்குத் தொண்டை அடைத்தது. மூன்று முறையை வைத்துக்கொண்டு ஒருவர் விதைப்பைப் பற்றிப் பேசியது நான்தானே. மறுவாரம் தாத்தாவையே வகுப்புக்கு அழைத்தேன். நோட்டைக் காட்டியதும் சிரித்தார். "வட்டம் பொய் சொல்லல டீச்சரம்மா. மழை வந்துச்சுல்ல? ஒரு உழவு மழைகூடத் தேறல, அதான். ஆழமா வெதச்சிருந்தா அந்தத் தூத்தலுக்கு முளைக்காமக் கெடந்து அடுத்த மழைக்கு வந்திருக்கும். வண்டி கெடச்ச அவசரத்துல மேலாப்புல போட்டுட்டோம்."

மழைமானி காட்டாத ஒன்று அவர் பேச்சில் இருந்தது. கலப்பை ஓட்டும் அளவுக்கு மண்ணுக்குள் ஈரம் இறங்கினால் அது ஓர் உழவு மழை. வானத்திலிருந்து விழுந்ததை நாங்கள் அளந்துகொண்டிருந்தோம். அவர் மண்ணில் தங்கியதை அளந்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால் 1 லிட்டர். ஒரு ஏக்கருக்கு 14 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 56,650 லிட்டர். "அவ்வளவு தண்ணியா! அப்புறம் ஏன் டீச்சர் காஞ்சுச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே கரிசல் மண், ஆவியாதல், வேர் ஆழம் என்று அடுத்த இரண்டு வகுப்புகள் ஓடின. கட்டத்தில் ‘ஈரம் இறங்கிய ஆழம்’ என்று புதிய பத்தி சேர்த்தோம். மழை விட்டதும் மண்வெட்டியும் அளவுகோலுமாகக் கிளம்பிவிடுவார்கள். அடித்து எழுதிய அந்த வரியை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம்.

எல்லாக் குறிக்கும் இப்படி விளக்கம் கிடைத்துவிடாது. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் ஏறத்தாழ இரண்டு வாரத்தைக் கர்ப்போட்டம் என்பார்கள். அப்போது ஓடும் மேகத்தைக் கொண்டு அடுத்த ஆண்டு மழையைச் சொல்வது வழக்கம். இது மிகப் பழைய எண்ணம். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில், மேகம் கருக்கொண்டு 195 நாளில் மழை பெய்யும் என்று இருக்கிறது. மார்கழிக் கடைசியிலிருந்து 195 நாள் எண்ணினால் ஆனி, ஆடியில் வந்து நிற்கும். எங்கள் ஊரின் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். இதை நம்பி யாரும் விதைக்க வேண்டாம் என்று வகுப்பில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன். ஆனால், குறித்துவைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த மாணவன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அவன் தங்கை என் எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். சென்ற அரையாண்டு விடுமுறையில் அவளும் தோழிகளும் தாத்தாவோடு உட்கார்ந்து கர்ப்போட்ட நாட்களின் மேகத்தை நாள்வாரியாக எழுதி வந்திருக்கிறார்கள். சரிபார்க்க ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அவர்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். நோட்டு எந்த வகுப்பில் இருப்பது என்று இப்போதே சண்டை நடக்கிறது.