‘விழுந்து முளைக்கும் பல்தானே?’ – பல் மருத்துவரிடம் அனுப்பும் முன் ஆசிரியர் அறிய வேண்டியவை

கன்னத்தைக் கையால் தாங்கியபடி மேசையில் சாய்ந்திருக்கும் ஒரு குழந்தையை எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் காணலாம். பெற்றோரை அழைத்துச் சொன்னால், “பால் பல்லுதானே டீச்சர், விழுந்து முளைச்சிடும்” என்ற பதில் வரும். இரண்டு நாளில் வலியும் நின்றுவிடும். பேச்சும் அத்தோடு முடிந்துவிடும்.

இந்தப் பதிலில் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. அது பால் பல்தான் என்பது ஒன்று. வலி நின்றால் நோயும் நின்றுவிட்டது என்பது மற்றொன்று. இவை இரண்டும் சேர்ந்துதான், ஒரே நாளில் அடைத்துச் சரிசெய்யக்கூடிய பல்லைப் பிடுங்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகின்றன.

ஆறு வயதில் வரும் ஆறாவது பல்

பால் பற்கள் மொத்தம் 20. மேல் தாடையில் 10, கீழ்த் தாடையில் 10. குழந்தைக்கு ஏறக்குறைய 6 வயது ஆகும்போது, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்கள் இப்படி வரும். இவற்றுக்கு இடம்விட எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால்தான் பெரும்பாலான பெற்றோர் இவற்றையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் இவை நிலையான கடைவாய்ப் பற்கள். போனால் திரும்ப முளைக்காது.

அடையாளம் காண்பது எளிது. முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டு போனால் ஆறாவது பல் இதுதான். இடையில் பல் விழுந்த இடம் இருந்தால் அதையும் ஒன்றாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். ‘ஆறு வயது, ஆறாவது பல்’ என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

இந்தப் பல்லின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. வாயின் கடைசியில் இருப்பதால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தையின் பிரஷ் அங்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. நிலையான பற்களில் முதலில் சொத்தையாவது பெரும்பாலும் இதுதான். சொத்தை விழும் முன்பே பள்ளங்களை மூடி ஒரு மெல்லிய பூச்சுப் பூசும் முறை பல் மருத்துவத்தில் இருக்கிறது. ஊசி கிடையாது, வலியும் இராது. “ஆறு வயதுப் பல்லுக்குப் பூச்சுப் போடலாமா டாக்டர்?” என்று கேட்டால் பல்லைப் பார்த்துச் சொல்வார்.

பால் பல்லானாலும் அலட்சியம் கூடாது. முன்பக்கப் பால் பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும். கடைவாய்ப் பால் பற்களோ 10 முதல் 12 வயது வரை இருந்தாக வேண்டியவை. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அந்தப் பல் சொத்தையானால் இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகள் அதை வைத்துத்தான் மெல்ல வேண்டும். முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் பின்னால் உள்ள பல் முன்னே நகர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். கீழிருந்து வர வேண்டிய பல் வழியின்றிக் கோணலாக முளைக்கும். ஆகவே பிடுங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், “அந்த இடத்தைக் காக்கக் கம்பி ஏதும் பொருத்த வேண்டுமா?” என்று பெற்றோர் கேட்க வேண்டும். பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

வலி ஏன் நிற்கிறது?

வாயில் உள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் முதலில் எனாமலைக் கரைக்கிறது. எனாமலில் நரம்பு இல்லை. எனவே இந்தக் கட்டத்தில் குழந்தைக்கு எதுவும் தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினைச் சொத்தை எட்டும்போது இனிப்போ குளிர்ந்த நீரோ பட்டால் சுருக்கென்று கூசும். சில நொடிகளில் மறையும். இன்னும் ஆழமாகி நடுவில் உள்ள பல்கூழ் வீங்கினால் வலி விட்டுவிட்டு வரும், நெடுநேரம் நிற்கும், இரவில் தூங்க விடாது.

பிறகு ஒருநாள் வலி நின்றுவிடும். பல்கூழ் இறந்துவிட்டது என்பதே பெரும்பாலும் இதன் பொருள். வலியை உணர உள்ளே நரம்பு உயிருடன் இல்லை. கிருமிகள் வேர் வழியே இறங்கி நுனியில் சீழ் கட்டும். ஈறில் சிறு கொப்புளம் தோன்றும், அல்லது கன்னம் வீங்கும். வலி நின்றதும் வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். நோய் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது.

கூசும் கட்டத்தில் போனால் பெரும்பாலும் ஒரே அமர்வில் பல்லை அடைத்துவிடலாம். இரவில் வலிக்கும் கட்டத்தில் வேர் சிகிச்சை தேவைப்படும். அதற்குச் சில அமர்வுகள் ஆகலாம், மேலே உறையும் போட வேண்டியிருக்கும். அதையும் தாண்டினால் பிடுங்குவதுதான் மிச்சம். செலவும் அலைச்சலும் ஒவ்வொரு கட்டத்திலும் கூடிக்கொண்டே போகும்.

கன்னம் வீங்கியிருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், கண்ணை நோக்கியோ தாடைக்கு அடியிலோ பரவும் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வீக்கத்தின் மேல் சூடு ஒத்தடம் வேண்டாம். சொத்தைக் குழியில் மாத்திரையை வைத்து அழுத்துவது, கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றுவது இரண்டும் ஈறைப் புண்ணாக்கும். வெதுவெதுப்பான உப்பு நீரில் வாய் கொப்பளிக்கச் செய்யலாம். பள்ளியில் நாம் செய்யக்கூடிய முதலுதவி இதுவரைதான்.

கையில் ஒரு துண்டுச் சீட்டு

தினக்கூலிக்குப் போகும் ஒரு தாய் குழந்தையைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒருநாள் கூலியை விடுகிறார். அங்கே மருத்துவர், “எப்போதிலிருந்து வலிக்குதும்மா? ராத்திரியில வலிக்குதா?” என்று கேட்டால் குழந்தை தாயைப் பார்க்கும், தாய் குழந்தையைப் பார்ப்பார். பகலில் ஆறேழு மணி நேரம் குழந்தை நம்மிடம் இருக்கிறது. சத்துணவில் சுண்டலை ஒதுக்குகிறதா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறதா, குளிர்ந்த நீர் குடிக்கத் தயங்குகிறதா என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும். இவற்றை நான்கு வரியில் எழுதிக் கொடுத்தனுப்பினால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. வலி எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது, எதனால் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, போதும். குழந்தைக்கு இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, மருந்து ஒவ்வாமை இருப்பது நமக்குத் தெரிந்திருந்தால் அதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

சீட்டின் பின்பக்கத்தில் பெற்றோர் கேட்க வேண்டியவற்றை எழுதலாம். இது நிலையான பல்லா, பால் பல்லா? பிடுங்காமல் காப்பாற்ற வழி உண்டா? எத்தனை முறை வர வேண்டும்? இடையில் வலித்தால் என்ன செய்வது? மற்ற பற்கள் எப்படி இருக்கின்றன? இவற்றில் மூன்றாவது கேள்வியே முக்கியம் என்பது என் கருத்து. வேர் சிகிச்சையில் முதல் அமர்விலேயே பெரும்பாலும் வலி போய்விடும். உடனே குடும்பம் மருத்துவமனையை மறந்துவிடும். தற்காலிகமாக அடைத்தது சில வாரங்களில் பெயர்ந்து, பல் மீண்டும் கெட்டு, உடைந்தும் போகும். அடுத்த தேதியை நாம் குறித்து வைத்துக்கொண்டு முதல்நாள் நினைவூட்டினால் ஒரு பல் பிழைக்கும்.

‘மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்’ என்ற பயம் ஊர்ப்புறங்களில் இன்னும் இருக்கிறது. பார்வைக்கான நரம்பு வேறு. பல்லுக்கு வரும் நரம்பு வேறு. உயர்நிலை வகுப்பு அறிவியல் ஆசிரியர் இதைப் படம் வரைந்தே விளக்கிவிடலாம். ‘பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும்’ என்பதும் அப்படித்தான். பல்லைப் பிடித்திருப்பது எலும்பு, காரை அன்று. ஈறில் ரத்தம் வந்தால் பல் துலக்குவதை நிறுத்தும் பழக்கம் வளரிளம் பருவ மாணவர்களிடம் உண்டு. படிந்த அழுக்கால் ஈறு வீங்கித்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது. மென்மையான பிரஷ்ஷால் தொடர்ந்து துலக்க வேண்டும். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் மருத்துவரைக் காண வேண்டும்.

மைதானத்தில் பல் விழுந்தால்

இதில் மருத்துவரின் ஆலோசனை வரும்வரை காத்திருக்க நேரமில்லை. உடற்கல்வி ஆசிரியர் மட்டுமன்றி அனைவரும் அறிந்திருக்க வேண்டியது இது. கபடியிலோ படிக்கட்டிலோ விழுந்து முன்பல் வேரோடு வெளியே வந்துவிட்டால், அது நிலையான பல்லாக இருந்தால், அதைத் திரும்பப் பொருத்த முடியும். அரை மணி நேரத்துக்குள் என்றால் நல்ல வாய்ப்பு. ஒரு மணி நேரம் கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது, சுரண்டக் கூடாது, துணியால் துடைக்கக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சுத்தமான நீரிலோ சில நொடிகள் மட்டும் அலசலாம். பிள்ளை தெளிவாக இருந்தால் பல்லை அதன் குழியிலேயே மெதுவாக வைத்து, கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லிக் கூட்டிச் செல்லலாம். அதற்குத் துணிவு இல்லையென்றால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தால் பல் காய்ந்து செத்துவிடும். தண்ணீரில் ஊற வைப்பதும் கூடாது. பள்ளியில் பால் இராது. எதிரே உள்ள டீக்கடையில் இருக்கும். சூடான பால் ஆகாது. ஆறிய பால் அல்லது காய்ச்சாத பாக்கெட் பால் வாங்க வேண்டும்.

பால் பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது. உள்ளே வளரும் பல்லுக்கு அது கேடு. தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் இருந்தால் பல்லைப் பற்றிய யோசனை அப்புறம்; முதலில் 108.

மஞ்சள், பழுப்புப் பற்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் வளரும் பிள்ளைகளின் பற்களில் வெண்கோடுகளும் பழுப்புத் திட்டுகளும் காணப்படும். பல் உருவாகும் வயதில் குடித்த நீரால் வந்த கறை அது. எவ்வளவு துலக்கினாலும் போகாது. “பல் தேய்க்கிறதே இல்லையா?” என்று வகுப்பில் கேட்டால் அந்தப் பிள்ளை அதன்பின் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இந்தப் பாதிப்பே முக்கியக் காரணம். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. கறையை மறைக்கவும் குறைக்கவும் சிகிச்சைகள் உண்டு. எந்த வயதில் செய்வது என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

நான்காம் வகுப்புக்கு மேல் இதைச் செய்யலாம். காலை 6 முதல் இரவு 10 வரை அரை மணிக்கு ஒரு கட்டமாக 32 கட்டங்கள் கொண்ட பட்டை ஒன்றை மாணவர்கள் வரையட்டும். முந்தைய நாள் மிட்டாய், பிஸ்கட், டீ, கடலை மிட்டாய் என இனிப்பு எதைத் தின்றாலும் அந்தக் கட்டத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். ஒருமுறை இனிப்பு தின்றால் வாயில் அமிலம் அடங்க ஏறக்குறைய அரை மணி நேரமாகும். எத்தனை கட்டம் வண்ணம் ஆனதோ அத்தனை அரை மணி நேரம் பல் கரைந்தது. ஐந்து கமர்கட்டைச் சாப்பாட்டுக்குப் பின் சேர்த்துத் தின்றவனுக்கு ஒரு கட்டம். மணிக்கு ஒன்றாகச் சப்பியவனுக்கு ஐந்து கட்டம். எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை முறை தின்றோம் என்பது பல்லுக்கு முக்கியம் என்று மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பின்னம், சதவீதப் பாடத்துக்கும் இது பயன்படும்.

யாரிடம் அனுப்புவது?

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. அருகில் எங்கே என்பதை 104 எண்ணில் கேட்டு அறியலாம். ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் குழு பள்ளிக்கு வரும்போது பற்களையும் பார்ப்பார்கள். ஒரே நாளில் அத்தனை பிள்ளைகளையும் பார்க்க வேண்டிய அவர்களிடம், வலி சொன்ன பிள்ளைகள், ஈறில் கொப்புளம் உள்ளவர்கள், ஒரு பக்கமாக மெல்லுபவர்கள் என ஒரு பட்டியலைத் தயாராகக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகளை நின்று பார்ப்பார்கள்.

பல் பிடுங்கிக்கொண்டு பிற்பகலில் பள்ளிக்கு வந்துவிடும் பிள்ளையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மருந்தால் மரத்துப்போன உதட்டை, என்னவென்று தெரியாமல் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். உணர்ச்சி திரும்ப இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை சாப்பிடக் கொடுக்காமல், அடிக்கடி துப்பவிடாமல், நம் கண்ணுக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார வைத்துக்கொள்ளலாம்.