படித்ததையும் பயத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்

எம்.பி.பி.எஸ். சேரும் எல்லோரும் பள்ளியில் முதல் வரிசை மாணவர்கள்தான். அதனாலேயே முதல் இன்டர்னல்ஸில் மதிப்பெண் குறைந்ததும் 'நமக்கு இது சரிப்பட்டு வராது' என்று மனம் உடைந்துவிடுகிறது. 'எப்படிக்கா சமாளிச்சீங்க?' என்று கேட்கும் ஜூனியர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எதையும் மனதுக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள்.

முதலில் பாடம். பிராக்கியல் ப்ளெக்ஸஸ் படம் புத்தகத்தில் பார்க்கும்போது புரிந்த மாதிரியே இருக்கும். வைவாவில் ஃபோர்செப்ஸைக் கையில் கொடுத்து நரம்பைக் காட்டச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். டிஸெக்‌ஷன் ஹாலில் நானும் என் மேசைத் தோழியும் மாறி மாறிக் கேள்வி கேட்டுக்கொள்வோம். கோரகோபிராக்கியாலிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு போகும் நரம்பைத் தூக்கிக் காட்டி, 'இது மஸ்குலோக்யூட்டேனியஸ். பைசெப்ஸுக்கும் இதுதான்' என்று சத்தமாகச் சொன்ன பிறகு அது மறந்ததே இல்லை. வைவா பயமும் அங்கேயே பாதி போய்விட்டது.

அடுத்து, அப்படிச் சொல்லிப் படித்தது நிலைக்கத் தூக்கம். படித்தது நினைவில் உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படித்தால், தெரிந்த விடைகூட நேரத்துக்கு வராது. பாடம் மிச்சமிருந்தாலும் படுத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். வீட்டுக்குப் பேசும்போது 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் அளித்த அறிக்கையின்படி, கணக்கெடுப்பில் பங்கேற்ற இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல்! இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சொந்தக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. வெளியில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். அதற்கும் வழியில்லை என்றால் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகச் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். ரூம்மேட் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டால், காரணம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை அறிவுரை சொல்லாமல் கேளுங்கள்.