திருவிழாக் கூட்டமும் தள்ளுவண்டி உணவும்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிகை மலைக்குக் காவடி எடுத்து வரும் அடியார் கூட்டத்தைக் காணாதார் நம் வட்டாரத்தில் இலர். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து நம் மாநிலத்தோடு இணைந்தது. எல்லை மாறினும் ஆந்திர நாட்டு மக்கள் அன்றுபோல் இன்றும் திரண்டு வருகின்றனர். 365 படிகளையும் ஏறியிறங்கிப் பசித்து வருவோர்க்குச் சுடச்சுட இட்லியும் புளிச்சோறும் அளிப்போர், பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து தள்ளுவண்டியுடன் வரும் நம் மக்களே. பயிர்த்தொழிலில் கிடைக்கும் வருவாய் போதாத குடும்பங்களுக்கு இவ்வணிகம் ஒரு துணைத்தொழிலாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாவின்போது கண்ட காட்சி என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. கைமாற்றாகப் பணம் பெற்று அரிசியும் உளுந்தும் வாங்கி மாவரைத்து வந்திருந்தார் ஓர் அம்மையார். அனுமதிச் சீட்டு எங்கே எனக் கேட்டபொழுது, வீட்டுவரி ரசீதை எடுத்து நீட்டினார். அதுவே போதும் என அவர் நம்பியிருந்தார். வண்டி அப்புறப்படுத்தப்பட்டது. மாலைக்குள் மாவு பொங்கிப் புளித்து வீணாயிற்று. கடன் மட்டும் எஞ்சிற்று. அவருக்கு முன்கூட்டியே எடுத்துரைக்காத என்னைப் போன்றோர்க்கும் அவ்விழப்பில் பங்குண்டு. அத்தகைய இழப்பு இனி எவர்க்கும் நேராதிருக்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு சான்றுகள்

தள்ளுவண்டி உணவு வணிகர் பெற வேண்டிய சான்றுகள் இரண்டு. ஒன்று உணவைப் பற்றியது. மற்றொன்று இடத்தைப் பற்றியது. ஒன்றிருந்தால் மற்றது வேண்டா என எண்ணுதல் தவறு.

முதலாவது, உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறைக்கு வந்தது. இது நகரத்திற்கும் கிராமத்திற்கும் ஒப்பப் பொருந்தும். ஊர்ச்சாவடி முன் வடை சுடுவோரும் இதற்கு உட்பட்டவரே. ஆயினும் அஞ்ச வேண்டுவதில்லை. தலைச்சுமை வணிகர், நடமாடும் வணிகர், தற்காலிகக் கடைக்காரர் ஆகியோர்க்கு உரிமம் தேவையில்லை. பதிவு செய்துகொண்டால் போதும் என அச்சட்டமே கூறுகிறது. நிழற்படம், அடையாளச் சான்று ஆகியவற்றுடன் இணையவழியே விண்ணப்பிக்கலாம். 2011-ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற விதிகள், விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் பதிவு செய்யவோ, மறுக்கவோ, ஆய்வுக்கு ஆணையிடவோ வேண்டுமென்றன. பதிவுக் கட்டணமாக ஆண்டுக்கு 100 ரூபாயை மட்டுமே விதித்தன. கட்டணமும் வரம்புகளும் அவ்வப்போது திருத்தப்படுவதால், இன்றைய நிலையை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நேரில் கேட்டறிக. இடைத்தரகர் கேட்கும் தொகையைக் கொடுத்து ஏமாற வேண்டா.

இரண்டாவது, விற்பனைச் சான்று. தெரு வணிகர் வாழ்வாதாரப் பாதுகாப்புக்கெனப் பாராளுமன்றம் 2014-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. இது நகரங்களுக்குரியது, கிராம ஊராட்சிகளுக்கன்று. ஆகவே, நம் ஊரார் திருத்தணி நகர எல்லைக்குள் வண்டி நிறுத்த விரும்பின், அணுக வேண்டிய இடம் நகராட்சியேயாம். ஊராட்சித் தலைவர் எழுதித் தரும் கடிதம் அங்கே செல்லாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதின்மருக்குக் குறையாமல் வணிகர்களின் பிரதிநிதிகள் இருத்தல் வேண்டும். அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் பெண்களாயிருத்தல் வேண்டும். பொருளைக் கைப்பற்ற நேரின், உரிய கட்டணம் செலுத்தியபின், கெடக்கூடிய பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டுமென்றும் சட்டம் விதிக்கிறது. திருவிழாவிற்கு வர எண்ணுவோர் கூட்டம் சேர்ந்தபின் ஓடி அலையாமல், சில வாரங்களுக்கு முன்னரே நகராட்சியில் இடம் பற்றி விசாரித்தல் நலம்.

இச்சான்றால் மற்றொரு பயனும் உண்டு. 2020 ஜூன் மாதத்தில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி ஸ்வநிதித் திட்டம், பிணையமின்றித் தெரு வணிகர்க்கு வங்கிக் கடன் அளிப்பது. நகர எல்லைக்குள் வந்து விற்கும் கிராமத்தாரும், நகராட்சியின் பரிந்துரைக் கடிதம் பெற்றால் அத்திட்டத்தில் இடம்பெறலாம். கந்துவட்டியிலிருந்து மீள இது ஒரு வழி.

நோய் எவ்வழி வருகிறது?

சான்று பெற்றதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. இட்லி ஆவியில் வேகிறது, சாம்பார் கொதிக்கிறது. ஆனால் தேங்காய்ச் சட்டினி பச்சையாகவே அரைக்கப்படுகிறது. அதில் கலக்கும் நீர் தூயதன்றேல், வாந்திபேதி கூட்டமெங்கும் பரவும். நீர்மோர், பானகம் ஆகியவற்றிற்கும் இதுவே பொருந்தும். ஆதலின் கொதித்தாறிய நீரையே சேர்த்தல் வேண்டும். குடிநீரைக் குழாய் வைத்த மூடிய பாத்திரத்தில் வைத்தால், கைவிட்டு மொள்ளும் வழக்கம் ஒழியும்.

சூடான உணவு 60 பாகை செல்சியசுக்கு மேலிருக்க வேண்டும். சூடு தணிந்த உணவை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைத்து விற்றல் தகாது. ஒருமுறை காய்ந்து கறுத்த எண்ணெயை மறுநாள் சேர்க்கலாகாது. அச்சடித்த செய்தித்தாளில் வடையைப் பொதிந்தால் மையிலுள்ள நச்சு உணவில் ஏறும். வாழையிலையும் மந்தாரையிலையும் இருக்க அது எதற்கு? ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி முதல் நம் மாநிலத்தில் தடையுண்டு என்பதையும் மறத்தலாகாது.

சமைப்பவர் நலமாகத் தோன்றினால் மட்டும் போதாது. நியூயார்க் நகரில் சமையற்பணி செய்த மேரி மாலன் என்னும் பெண்மணிக்கு நோயின் அறிகுறி ஏதுமில்லை. எனினும் குடற்காய்ச்சற் கிருமி அவர் உடலிலிருந்து பல குடும்பங்களுக்குப் பரவியதை 1907-இல் கண்டறிந்தனர். மருத்துவச் சான்றும், குடற்காய்ச்சலுக்கான தடுப்பூசியும், சோப்பிட்டுக் கை கழுவுதலும் ஏன் வேண்டுமென்பது இதனால் விளங்கும். வயிற்றுப்போக்கு உள்ளவர் அன்று வண்டியருகே நிற்கலாகாது.

ஊராட்சி செய்ய வேண்டுவது

வணிகரிடம் விதியைச் சொல்லி, நீரும் கழிவுநீர்க் கால்வாயும் தராமலிருத்தல், ஏரின்றி உழச் சொல்வதை ஒக்கும். சிங்கப்பூரில் 1968-69 ஆண்டுகளில் தெரு வணிகரைப் பதிவு செய்த அரசு, அவர்களை விரட்டிவிட்டு நின்றுவிடவில்லை. குழாய்நீரும் வடிகாலும் கொண்ட உணவங்காடிகளைக் கட்டி, 1980-களின் நடுப்பகுதிக்குள் அவர்களை அங்கே குடியமர்த்திற்று. அவ்வுணவங்காடிப் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ சிறப்பித்துப் பட்டியலில் சேர்த்தது.

அத்துணைப் பெருஞ்செலவு நம்மால் இயலாதெனினும், மலைக்குச் செல்லும் சாலையோர ஊராட்சிகள் ஒரு குடிநீர்க் குழாய், மூடியிட்ட குப்பைத் தொட்டி, கழிவுநீர் செல்ல ஒரு வாய்க்கால் ஆகியவற்றை அமைத்தல் கூடும். நீரில் குளோரின் உரிய அளவு உள்ளதா எனத் திருவிழா நாட்களில் காலையும் மாலையும் சோதிக்கலாம். அறிவிப்புப் பலகையைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைக்கலாம். ஆடி பிறக்குமுன் கிராம சபையில் உணவு வணிகர் பட்டியலைத் தயாரித்து, எவரிடம் எந்தச் சான்று இல்லையெனக் கண்டு, விண்ணப்பிக்க உதவினால், ஒரு தாளுக்காக ஓர் ஏழையின் மாவு புளித்துப் போகாது.

விருந்தோம்பல் நம் குலவழக்கம். விலைக்கு விற்கும் உணவாயினும், உண்பவர் நம் ஊருக்கு வந்த விருந்தினரே. அவர் நலத்தோடு வீடு திரும்பவும், விற்றவர் கடனின்றி வீடு திரும்பவும் வழி செய்வது ஊராட்சி உறுப்பினர் அனைவரின் பொறுப்பாகும்.